வெல்டு தெரிய விட்ட ஜன்னல்

என்னைப் பட்டறையில் ஸ்கேல் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரே. எதையும் அளந்து பார்க்காமல் பேசமாட்டேன் என்பதால் வந்த பெயர். வரைபடத்தின் மேல் யாராவது டீ டம்ளரை வைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு முறை, என் அளவை நானே ஏமாற்றினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறுதலுக்காக இல்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் என் வேலை. ரேஸ் கார் கவிழ்ந்தால் ஓட்டுகிறவன் நசுங்கிப் போகாமல் இருக்க, உள்ளே எஃகுக் குழாய்களை வளைத்து வெல்டு அடித்து ஒரு கூண்டு கட்டுவார்கள். ரோல் கேஜ் என்று பெயர். கூண்டு கட்டுவது வெல்டர் அண்ணனின் வேலை. அந்தக் கூண்டின் குழாயிலேயே ஓட்டுகிறவன் தலை போய் மோதி உடையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தக் குழாயில் எந்த இடத்தில் எவ்வளவு கனத்துக்கு பேட், அதாவது மோதலைத் தாங்குகிற திண்டு, கட்ட வேண்டும் என்று நான் வரைவேன், நானே வெட்டுவேன், நானே கட்டுவேன். புதிதாக வருகிறவர்கள் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கல்லு மாதிரி இருக்கு?" என்பார்கள். உன் கட்டைவிரலுக்காகவா செய்தேன்? ஹெல்மெட் போட்ட தலைக்குச் செய்தது. கைக்கு மெத்தென்று இருக்கிற பஞ்சு, ஹெல்மெட் வேகமாக வந்து மோதினால் ஒன்றுமில்லாமல் சப்பிப்போகும். அப்புறம் குழாய்தான் மிச்சம். இதை நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

காரை ஓட்டினவன் என் தம்பி. எனக்கு ஏழு வயது இளையவன். வீட்டில் ஒரு இடத்தில் உட்காராதவன், காருக்குள் உட்கார்ந்தால் மட்டும் சாது. அவன் மனைவி எங்கள் ரேஸ் குழுவிலேயே டயர் பார்க்கிறவள். டயர்க்காரி என்றால்தான் பட்டறையில் தெரியும். ஒல்லியாக இருப்பாள், ஆனால் பிடி என்றால் குரங்குப் பிடி. ஒவ்வொரு முறையும் அவன் தோள்பட்டை பெல்ட்டைக் கடைசியாக இழுத்து இறுக்குவது அவள்தான். வேறு யார் கை வைத்தாலும் அவளுக்குப் பிடிக்காது. முழங்காலை சீட்டில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் இழுப்பாள்.

"மூச்சு விடணுமே தாயே" என்பான் அவன்.

"இறங்கி வந்து விட்டுக்கோ" என்பாள் அவள்.

இதே வசனம்தான் நான்கு வருஷமாக. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், "வேற ஏதாவது சொல்லித் தொலைங்களேன்" என்று நான் கத்தியிருக்கிறேன்.

அளவு எடுப்பதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. ஓட்டுகிறவனை சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் எல்லாம் இறுக்கி, ஹெல்மெட் மேல் நீலச் சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசிவிடுவேன். பிறகு, "தலையை எங்கெல்லாம் கொண்டுபோக முடியுமோ கொண்டுபோ" என்பேன். நானும் ஹெல்மெட்டைப் பிடித்து ஒவ்வொரு பக்கமும் இழுப்பேன். குழாயில் எதுவரைக்கும் நீலம் ஒட்டுகிறதோ அதுதான் கோடு. அந்தக் கோடு வரைக்கும் மூடினால் போதும் என்றுதான் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் அதற்கு வெளியே இன்னும் ஒரு கை அகலம் மூடுவேன். ஏனென்றால் நான் இழுப்பது வேறு, சுவர் இழுப்பது வேறு. நிஜமாக மோதும்போது பெல்ட் நீளும், சீட்டைப் பிடித்த தகடு வளையும், மனிதனே கொஞ்சம் நீளுவான். அந்த ஒரு கை அகலம் எந்த விதியிலும் கிடையாது. என் வழக்கம், அவ்வளவுதான். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இனி ஜன்னல் விஷயம். ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் சோதனை அதிகாரி ஒருவர் வந்து கூண்டைப் பார்ப்பார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி என்று இரண்டு போட்டிருப்பார். அதனால் அவருக்கு ரெட்டைக் கண்ணாடி என்று பெயர். நல்ல மனிதர்தான், ஆனால் உடும்பு. ஓட்டுகிறவன் தலைக்குச் சற்றுப் பின்னால், கதவுப் பக்கமாக, பின் வளைவும் மேல் குழாயும் சேருகிற மூட்டு ஒன்று இருக்கிறது. கூண்டின் உயிரே அந்த மூட்டில்தான் என்பது அவர் கட்சி.

"மூட்டைக் கண்ணால பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா."

மூட்டைக் காட்ட வேண்டுமென்றால் ஒட்டின பேடைப் பிய்த்தெடுக்க வேண்டும். பிய்த்தால் ஓரம் கிழியும். கிழிந்ததைத் திருப்பிக் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினால், "பேட் கிழிஞ்சிருக்கே" என்று காரைத் திருப்பி அனுப்புவார். ஒரு முறை இந்தக் கூத்தில் பயிற்சி ஓட்டமே கைநழுவிப் போனது. பட்டறை முதலாளி எல்லார் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்தார். தம்பி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். முதலாளி திட்டியதைவிட அது எனக்கு வலித்தது.

அந்த எரிச்சலில்தான் புதுக் காருக்கு வரையும்போது மூட்டுக்கு நேராக பேடில் ஜன்னல்போல் ஓர் இடைவெளி விட்டேன். எழுபது மில்லிமீட்டர். நீலக் கோடு அதற்கு இரண்டு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. கோட்டுக்கு வெளியேதானே, விதிப்படி சரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் ஒரு கை அகலத்துக்குள் அந்த மூட்டு வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் விட்டேன். வரைபடத்தில், 'இணைப்பு தெரிய இடைவெளி' என்று அழகாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். வெல்டர் அண்ணனுக்கு ஏக சந்தோஷம்.

"இப்பத்தான் என் வேலை வெளியே தெரியுது. இத்தனை நாளா மூடி மூடி வெச்சிருந்தியே!"

ரெட்டைக் கண்ணாடி வந்து ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார். "இப்படி இல்ல இருக்கணும் வேலை!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அந்த வருஷத்தின் மூன்றாவது ரேஸ். காலை பயிற்சி ஓட்டத்தில், வளைவில் வழுக்கி, ஓரத்து மண்ணில் சக்கரம் மாட்டி, கார் மூன்று முறை உருண்டு சுவரில் போய்ச் சாய்ந்தது. நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கூண்டு நசுங்கவில்லை. கதவு திறந்தது. வெல்டர் அண்ணன், "ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை" என்று கத்திக்கொண்டே ஓடினார். நானும் அதை நம்பிக்கொண்டே ஓடினேன். டயர்க்காரிதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். பெல்ட்டைக் கழற்றத் தெரியாதவள்போல் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்தொன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தான். இருபதாம் நாள் கண்ணைத் திறந்து, "அம்மா" என்றான். என்னைப் பார்த்து, "அக்கா" என்றான். அவளைப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க?" என்றான்.

ஐந்தாறு வருஷம் அழிந்துவிட்டது என்றார் டாக்டர். புதிதாக எதுவும் தங்குவது சிரமம், கையும் காலும் ஓரளவுக்கு வரும், இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார். கல்யாணம் ஆகி நான்கு வருஷம். அந்த நான்கும் அழிந்ததற்குள் போய்விட்டது. அவன் கணக்கில் அவன் இன்னும் கல்யாணம் ஆகாதவன், அம்மா வீட்டில் இருப்பவன். இவள் யாரோ நன்றாகப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண்.

விசாரணைக்கு மூன்று பேர் பட்டறைக்கு வந்தார்கள். ரெட்டைக் கண்ணாடியும் அதில் ஒருவர். ஹெல்மெட்டின் பின் பக்கம் உடைந்திருந்ததால் தலை எங்கோ குழாயில் மோதியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். மூட்டின் மேல் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல். தம்பியின் ஹெல்மெட் வெள்ளை.

"வெல்டு அசையலை" என்று எழுதிக்கொண்டார். பிறகு அந்தக் கீறலுக்கும் என் வரைபடத்தில் இருந்த நீலக் கோட்டுக்கும் நடுவில் ஸ்கேலை வைத்தார். ஐம்பது மில்லிமீட்டர்.

"கோட்டைத் தாண்டித் தலை வந்திருக்கே. இந்தக் கோடு சரியா அளந்ததுதானேம்மா?"

"சரியா அளந்ததுதான்" என்றேன்.

பொய் இல்லை. கோடு சரியான கோடுதான். அவர் கேட்டது அவ்வளவுதான், நான் சொன்னதும் அவ்வளவுதான். அப்போதே, "ஆனா கோட்டுக்கு வெளியே எப்பவும் ஒரு கை அகலம் மூடுவேன், இந்தத் தடவை மூடலை" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர், "அவங்க போட்ட கோடு தப்பாகாது சார், ஊருக்கே தெரியும்" என்றார். என் நல்ல பெயர் அன்றைக்கு எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டது.

கோடு சரி என்றால் தப்பு வேறு எங்கே? பெல்ட்டில். காரிலிருந்து எடுத்த பெல்ட் தளர்ந்துதான் இருந்தது. மோதின பெல்ட் தளர்ந்துதான் இருக்கும், அது நீண்டு கொடுக்கிற சாமான். அதெல்லாம் அறிக்கையில் இல்லை. 'தோள்பட்டை பெல்ட் போதிய அளவு இறுக்கப்படாததால் தலை எல்லையைத் தாண்டிச் சென்றிருக்கலாம் என்று கருத இடமுண்டு.' இடமுண்டாம். எழுபது மில்லிமீட்டர் இடம் வேறொரு பக்கம் இருந்தது, அதைக் கருத அவர்களுக்கு இடமில்லை.

டயர்க்காரி அறிக்கையை ஒரு முறைதான் படித்தாள். மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் அவள் வரவே இல்லை.

ஏழு மாதம் ஆயிற்று. இந்த ஏழு மாதமும் எப்படிப் போனது என்று கேட்டால், அவள் கையைப் பார்த்தால் தெரியும். அவனைத் தூக்கி உட்கார வைப்பாள், குளிப்பாட்டுவாள், சவரம் செய்வாள். நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். அவன் ஒவ்வொரு முறையும், "உங்களுக்குச் சிரமம்" என்பான். "பரவாயில்லைங்க" என்பாள் அவள். கட்டின புருஷன் 'ங்க' போட்டுப் பேசுவதும், அவளும் 'ங்க' போட்டுப் பதில் சொல்வதும் பக்கத்து அறையில் இருக்கிற என் காதில் விழும். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காமல் இருக்கட்டும் என்று.

அம்மாவின் வாயைப் பற்றி என்ன சொல்ல? பெற்ற வயிறு, எரிகிறது. எரிச்சலைக் கொட்ட ஓர் ஆள் வேண்டும். அறிக்கை ஆளைக் காட்டிவிட்டது. பாத்திரம் கழுவும்போதும் சொல்வாள், துணி மடிக்கும்போதும் சொல்வாள். "டயருக்குக் காத்து அடிக்கத் தெரிஞ்சா போதுமா? ஒரு பெல்ட்டை இழுக்கத் துப்பில்லை." அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். ஒரு நாள், சேதி கேட்டு வந்த உறவுக்காரர்கள் நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா சொன்னாள்.

"இவ கை படாம இருந்திருந்தா என் பிள்ளை முழுசா இருந்திருப்பான்."

டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாலாவது எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஆமா அத்தை" என்றாள்.

அவ்வளவுதான். அந்த "ஆமா"வை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஏழு மாதம் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருந்த எனக்கு, அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு ஏன் தோன்றியதோ தெரியாது. ஒருவேளை அந்த வாரம் பட்டறையில் நடந்ததும் சேர்ந்திருக்கலாம். முதலாளி இன்னும் இரண்டு கார் கட்டுகிறார். அதே வரைபடத்தை எடுத்துக் கொடு என்றார். நான் ஜன்னலை அடைத்து வரைந்தேன். மூட்டுக்கு மேல் மட்டும் தனித் துண்டு, பட்டையைப் பிரித்தால் திறக்கும், பார்த்துவிட்டு மூடிக்கொள்ளலாம். கிழியாது, பிய்க்க வேண்டாம், ரெட்டைக் கண்ணாடிக்கும் மனக்குறை இல்லை. யோசித்து வரைய எனக்கு ஒன்றரை நாள் ஆனது. ஒன்றரை நாள்! அதை முன்னாலேயே செய்திருக்க முடியாதா என்று கேட்காதீர்கள். நானே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

வெல்டர் அண்ணன் புது வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உன் வீட்டுல தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்ப விட்டுடு. சொல்லி அவன் எழுந்து வந்துடப் போறானா? யாருக்கு என்ன லாபம்?"

லாபம் இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். அவன் எழுந்து வரமாட்டான், சரி. ஆனால் ஒரு பெண் செய்யாத தப்பைச் செய்ததாக நம்பி, தினமும் வசவு வாங்கிக்கொண்டு, "ஆமா அத்தை" என்று தலையாட்டிக்கொண்டு இருக்கிறாள். அவளையாவது வெளியே எடுத்துவிடலாம் இல்லையா? என் கையில் இருக்கிற சாவி அது ஒன்றுதானே. அப்படித்தான் நினைத்தேன். என் பாரத்தை இறக்கி வைக்கிற ஆசையும் உள்ளே இருந்திருக்கும். இல்லை என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் மத்தியானம். அம்மாவும் தம்பியும் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்கட்டில் அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு வரைபடங்களையும் கொண்டுபோய் அவள் முன்னால் விரித்தேன்.

"இதைப் பாரு."

பார்த்தாள். வேலை தெரிந்தவள். விளக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவள் விரல் ஜன்னலில் போய் நின்றது.

"இதை ஏன் மூடியிருக்கீங்க அண்ணி?"

சொன்னேன். சாக்பீஸ் பொடி, கோடு, ஒரு கை அகலம், ரெட்டைக் கண்ணாடி, முதலாளி திட்டினது, வெள்ளைக் கீறல், விசாரணையில் நான் சொன்னதும் சொல்லாததும், எல்லாம். நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கேள்வி கேட்டாள். அழாமல், பட்டறையில் கேட்பதுபோலவே கேட்டாள்.

"கோட்டிலேர்ந்து கீறல் எவ்வளவு தூரம்?"

"அம்பது."

"உங்க வழக்கப்படி எவ்வளவு மூடுவீங்க?"

"நூறு."

"அப்ப மூடியிருந்தா..."

"மூடியிருந்தா பேட்லதான் மோதியிருக்கும்."

"பெல்ட்?"

"பெல்ட் சரியாத்தான் இருந்தது. நீ இழுத்தா அதுக்கு மேல ஒருத்தராலும் இழுக்க முடியாது. மோதினா அது நீளும். உன் மேல ஒரு தப்பும் இல்லைம்மா. ஒரு துளி இல்லை."

அவள் மடித்த சட்டையைப் பிரித்தாள், திரும்ப மடித்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கட்டும் என்று இருந்தது. இல்லாவிட்டால் அழுவாள், அழுது முடித்ததும் கொஞ்சம் லேசாவாள் என்று எதிர்பார்த்தேன். எவ்வளவு மடச்சி நான்.

"எவ்வளவு நாளா தெரியும் உங்களுக்கு?"

"விசாரணை அன்னிக்கே."

"ஏழு மாசம்" என்றாள். விரலை மடித்து எண்ணவில்லை, சும்மா சொன்னாள். பிறகு அவன் தூங்கிக்கொண்டிருந்த அறைப் பக்கம் பார்த்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. உள்ள இருக்கிறவர் யாருன்னே எனக்குத் தெரியலை. என் வீட்டுக்காரர் இப்படிப் பேச மாட்டார், இப்படிச் சிரிக்க மாட்டார். இவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு இவரைத் தெரியாது. தினமும் காலையில எழுந்ததும் போயிடலாம்னுதான் தோணும். தினமும். அப்புறம், நான்தானே பண்ணினேன், நான் பண்ணினதுக்கு நான்தானே பார்க்கணும்னு நினைச்சுப்பேன். அதை நினைச்சுத்தான் எழுந்திருப்பேன், தண்ணி காய வைப்பேன், அத்தை திட்டறதைக் கேட்டுப்பேன். திட்டட்டும், எனக்கு வேணும்னு இருக்கும். அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னுட்டிருந்தேன்."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அதையும் எடுத்துட்டீங்க. இனிமே நான் எதை நினைச்சு எழுந்திருப்பேன்?"

மனித மனம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தலை எவ்வளவு தூரம் போகும் என்று அளக்கத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. விடுதலை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் காலுக்குக் கீழே இருந்ததை உருவிவிட்டேன்.

"என்னை மன்னிச்சுடு" என்றேன்.

"எதுக்கு அண்ணி? பண்ணினதுக்கா, சொன்னதுக்கா?" என்றாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

சாயங்காலம் அவள் கிளம்பினாள். ஒரே ஒரு பை. அவனுக்கு டீ கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, "வரேங்க" என்றாள். "சரிங்க, பார்த்துப் போங்க" என்றான் அவன், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவளிடம் சொல்வதுபோல. தெரு முனை வரை நான் பின்னாலேயே போனேன். திரும்பி வந்துவிடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பை கனமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றாள்.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பார்த்தியா? பண்றதையும் பண்ணிட்டு ஓடறா பாரு."

"அவ ஒண்ணும் பண்ணலைம்மா. பண்ணினது நான்."

அம்மாவை உட்கார வைத்து, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பேட் என்றால் என்ன, ஜன்னல் என்றால் என்ன, எங்கே மோதினது. கடைசியில், "உன் பிள்ளை இப்படிக் கிடக்கிறதுக்கு நான்தாம்மா காரணம்" என்றேன். அம்மா என்னையே பார்த்தாள். புரியாமல் பார்க்கவில்லை. புரிந்தது, எனக்குத் தெரியும். கண்ணில் ஒன்று வந்து, நின்று, அவளே அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு நீ ஏன் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறே?"

"அம்மா, நிஜமாவே..."

"வாயை மூடு. எனக்கு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்திதான். உன்னையும் நான் தொலைக்கணுமா? இனிமே இந்தப் பேச்சு இந்த வீட்டுல வரக் கூடாது."

வரவில்லை. விசாரணைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி, பழைய வரைபடத்தையும் இணைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். வாங்கிக்கொள்வார்களா, கோப்பு முடிந்துவிட்டது என்பார்களா தெரியாது. அறிக்கையை மாற்றினால் அவள் பெயர் காகிதத்தில் சுத்தமாகும். அவள் எழுந்திருக்க அது போதாது என்பது இப்போது எனக்குத் தெரியும்.

இன்று காலை அவனை நான்தான் குளிப்பாட்டினேன். குளியலறையில் முக்காலி போட்டு, கைப்பிடியைப் பிடிக்க வைத்து, வாளியில் வெந்நீர் விளாவி வைத்தேன். கை எங்கே பிடிக்க வேண்டும், எந்தத் தோளை முதலில் தூக்கினால் வலிக்காது, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பித்தானில் கை வைத்ததும் அவன் கூச்சப்பட்டான். சின்ன வயதில் இவனைக் குளிப்பாட்டியிருக்கிறேன், இருந்தாலும் அவன் கணக்கில் அவன் இப்போது வளர்ந்த ஆண் பிள்ளை.

"அக்கா, அந்தப் பொண்ணு வரலையா?"

"வரலை."

"நாளைக்கு வருவாங்களா?"

"தெரியலைடா."

அவனுக்கு எதுவும் தங்காது என்றார் டாக்டர். இது எப்படியோ தங்கியிருந்தது.

"ரொம்ப நல்ல மாதிரிக்கா அவங்க. ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்லை" என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான்.

"அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாக்கா?"

அவன் காது மடல் சிவந்திருந்தது. பெண் பார்க்கப் போகிற பையனைப் போல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"கையைத் தூக்குடா, தண்ணி ஆறுது" என்றேன்.